மலைக்குப் பின்னால் ஓர் அறை

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தனியாக வெளியூர் போவதற்கு மூன்றே காரணங்கள்தான் செல்லுபடியாகும்: பிரசவம், சாவு, வேலைக்கான நேர்முகத் தேர்வு. அப்போதும் பஸ் ஏற்றிவிட ஒருவர் வருவார். ஜன்னலோரம் நின்று, "அண்ணே, தனியா வராங்க, கொஞ்சம் பாத்து எறக்கி விடுங்க" என்று நடத்துநரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நகருவார். இறங்குகிற இடத்தில் இன்னொருவர் ஸ்கூட்டரோடு நின்றிருப்பார். நடுவில் கிடைக்கிற மூன்று நான்கு மணி நேரம்தான் தனிமை. செல்போன் வந்த பிறகு அதுவும் போயிற்று. "எங்க வருது?" என்று மதுராந்தகத்தில் ஒரு தடவை, திண்டிவனத்தில் ஒரு தடவை.

ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, காரணம் எதுவும் இல்லாமல் இரண்டு நாள் ஓர் ஊரில் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி "யாரோட?" என்பது. "யாரோடவும் இல்லை" என்று பதில் சொன்னால், உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா என்ற விசாரணை தொடங்கும். எங்கள் வீட்டில் தொடங்கவில்லை. நான் சொன்ன ஊர் திருவண்ணாமலை. "கிரிவலமா? எனக்கும் சேத்து ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றார் மாமியார். அத்தோடு முடிந்தது. ஏற்காடு என்றோ புதுச்சேரி என்றோ சொல்லியிருந்தால் சித்தப்பா வரைக்கும் பஞ்சாயத்து போயிருக்கும்.

சாமி பெயரைச் சொல்லி ஊர் சுற்றுவது தப்பில்லையா என்று கேட்கலாம். இந்த ஊருக்குத் தனியாக வந்தவர்களிலேயே பெயர்பெற்றவர் சொல்லிவிட்டு வந்த சாக்கு அதைவிட மோசம். 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், பன்னிரண்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னான். "அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு" என்றார் அண்ணன். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தான்.

பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அந்தப் பையனின் பயணத்தை எல்லோரும் ஞானக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அது முதன்முதலாகத் தனியே கிளம்பிய ஒருவரின் பயணக் கணக்காகவும் படுகிறது. பையன் பார்த்தது பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போட்டிருந்த புதிய ரயில் பாதை அதில் இல்லை. அதனால் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டான். கையில் மிச்சம் மூன்றணா. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி மாறவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். விழுப்புரத்தில் சோறு போட்ட ஓட்டல்காரர் காசு வேண்டாம் என்றார். மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து அறையணிநல்லூர். திருக்கோவிலூர் கீழூர்க் கோயிலில் பசியோடு நின்றபோது கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமிச் சாப்பாடு. கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கினார்.

வழி தெரியாமல் போனவருக்கு வழி சொன்னவர் ஒரு முஸ்லிம் பெரியவர். சோறு போட்டவர்கள் முன்பின் தெரியாதவர்கள். கூட யாராவது போயிருந்தால் இவர்கள் யாரிடமும் பேச வேண்டிய தேவையே வந்திருக்காது. எங்கள் வீட்டு அம்மாக்கள் பயப்படுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன பிள்ளை திரும்பவே இல்லை. 1950 ஏப்ரல் 14 அன்று காலமாகும் வரை அந்த மலையை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வா என்று அழைக்க வந்த தாய் அழகம்மாளும் கடைசியில் இங்கேயே வந்து தங்கிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன் என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம், செஞ்சி வழியாக நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக மாலையில் ஒரு ரயில், 2024 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. டிக்கெட் மலிவு. ஆனால் நள்ளிரவில் கொண்டுவந்து இறக்குகிறது. முதல்முறை தனியாகப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பகல் பஸ்ஸே நல்லது. செஞ்சிக் கோட்டை சாலையோரமாகவே வருகிறது. 2025இல் மராட்டியர் கோட்டைகள் பட்டியலோடு சேர்ந்து அதற்கும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிய ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அறைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். ஊருக்குள் இருக்கும் ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். "எத்தனை பேரும்மா?" "நான் மட்டும்தான்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "லேடீஸ் தனியான்னா குடுக்கிறதில்லம்மா. ஃபேமிலியோட வந்தா சொல்லுங்க." இன்னொரு விடுதியில் ஆதார் அட்டை போதாதென்று வீட்டுக்காரர் போன் நம்பரையும் கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயது, சம்பளம் வாங்குகிறேன், வருமான வரி கட்டுகிறேன். கோபம்தான் வந்தது. சட்டத்தில் இப்படி ஒரு தடையும் கிடையாது, பழக்கத்தில் இருக்கிறது. கடைசியில் இடம் கொடுத்தது அடி அண்ணாமலை.

திருவண்ணாமலைக்குப் போகிற பெரும்பாலோர் அடி அண்ணாமலையை நள்ளிரவில், கால் வலியோடு, பௌர்ணமிக் கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே தாண்டியிருப்பார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதி வழி போல, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில், மலைக்கு நேர் பின்பக்கம் இருக்கிற கிராமம் அது. பெரிய கோயிலும் கடைத்தெருவும் பஸ் நிலையமும் கிழக்கே. இந்தப் பக்கம் நிலக்கடலைக் கொல்லை, மாட்டுத் தொழுவம், தண்ணீர் லாரி, நடுநடுவே வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கட்டிய மாடி வீடுகள். அப்படி ஒரு வீட்டின் மொட்டை மாடியில் எனக்கு ஒற்றை அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மலை.

வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுக்கும்போது, "இன்னாமா, ஒண்டியாவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம ஆளுங்க அப்படி வரமாட்டாங்களே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேனைக் காட்டினார். அவருக்குத் தனியாக வரும் பெண்கள் அதிசயமில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை அந்தத் தெருவில் ஜெர்மனியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த பெண்கள் வாடகை ஸ்கூட்டரில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த வரவுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர். ரமணரைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1934இல் வந்தது. நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்து, ரமணரைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுந்து, பிறகு அதை வைத்தும் எழுதினார். அதெல்லாம் போகட்டும். வெள்ளைக்காரி தனியாக வந்தால் தியானம். நான் தனியாக வந்தால் வீட்டில் ஏதோ சண்டை. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் இருவர் சுற்றி வளைத்து அதைத்தான் கேட்டார்கள். இல்லை என்று சொன்னபோது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் நடந்துபோகிற தூரம். பிரம்மா வைத்து வழிபட்ட லிங்கம் என்று தலபுராணம். பெரிய கோயிலுக்கு முந்தியது இதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. தடுப்புக் கம்பியோ சிறப்பு தரிசனச் சீட்டின் நெரிசலோ நான் போன நேரத்தில் இல்லை. வெளிப் பிராகாரம் அகலம். மலை இங்கிருந்து வேறு மலையாகத் தெரிகிறது. கிழக்கே நின்று பார்த்தால் ஒற்றைக் கூம்பு. மேற்கே பக்கவாட்டுச் சிகரங்களும் சேர்ந்து விரிந்து கிடக்கிறது. 2,668 அடி என்கிறது கணக்கு. ரமணர் காலத்துப் புகைப்படங்களில் மொட்டைப் பாறையாக இருந்த சரிவுகளில், கடந்த சில பத்தாண்டுகளாக நட்டுக் காப்பாற்றிய மரங்களால் பச்சை ஏறியிருக்கிறது.

பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில். திருவெம்பாவையை அவர் பாடியது இங்கே என்பது மரபு. மார்கழியில் சிறுவயதில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்ட காலத்திலிருந்து அந்த இருபது பாட்டும் எனக்குப் பழக்கம். தாய்லாந்து அரண்மனைப் பிராமணப் பூசாரிகள் இன்றைக்கும் அதைப் பாடுகிறார்கள், பொருள் தெரியாமல், ஒலி திரிந்து. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. திருவெம்பாவை முழுக்க முழுக்கக் கூட்டத்தின் பாட்டு. ஒருத்தி எழுந்து அடுத்தவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். இருவரும் மூன்றாமவளை எழுப்புகிறார்கள். எல்லோரும் சேர்ந்து குளிக்கப் போகிறார்கள். எழாதவளுக்கு ஏச்சும் கேலியும். தனியாக ஒருத்தி குளத்துக்குப் போய்விட்டு வந்ததாக ஒரு வரி கிடையாது. பெண்கள் வெளியே போனால் சேர்ந்துதான் போவார்கள் என்பது அந்தப் பாட்டின் அழகு. அதுவே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எங்களுக்கு விதியாகவும் ஆகிவிட்டது. மாணிக்கவாசகர் மேல் குற்றம் சொல்லவில்லை. அவர் மட்டும் ஊர் ஊராகத் தனியே சுற்றினாரே என்ற சின்னப் பொறாமை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நடக்க ஆரம்பித்தேன். ராஜகோபுரத்தில் தொடங்கி ராஜகோபுரத்தில் முடிப்பதுதான் வழக்கம். ஆனால் மலையைச் சுற்றுகிறவர்கள் எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து முடித்தால் சரி என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனவே பின்வாசல் வழியாகத் தொடங்கினேன். செருப்பை அறையிலேயே விட்டாயிற்று. சாலையின் இடது ஓரமாக நடக்கவேண்டும். மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டுவைத்தது. நிறைமாத கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்று ஒரு சொல் வழக்கு உண்டு. நகரத்தில் நான் நடப்பது பஸ்ஸைப் பிடிக்கிற நடை. அந்த நடையை விட்டொழிக்க ஒரு மணி நேரம் ஆனது.

வாயு லிங்கம், சந்திர லிங்கம், குபேர லிங்கம். குபேரனிடம் மட்டும் அந்த வேளையிலும் வரிசை நின்றது, ஆச்சரியமில்லை. சற்றுத் தள்ளி இடுக்குப் பிள்ளையார். குனிந்து, ஒருக்களித்து, ஊர்ந்து வெளியே வருகிற சிறிய இடுக்கு. எனக்கு முன்னால் போன பருத்த மனிதர் நடுவில் நின்றுவிட, அவர் மனைவி வெளியிலிருந்து "மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க" என்று கத்த, வரிசையே சிரித்தது. என் முறை வந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற பாட்டி கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. வெளியே வந்ததும் பையைக் கொடுத்துவிட்டுத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தனியாக நடக்கிற பெண்கள் அந்தப் பாதையில் எத்தனை பேர் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. வேண்டுதலுக்காக வாரம் ஒருமுறை சுற்றுகிறவர், மருத்துவர் நடக்கச் சொன்னதால் சுற்றுகிறவர், கையில் ஜெபமாலையோடு ஒருவர், காதில் பாட்டோடு ஒரு கல்லூரிப் பெண். யாரும் யாரையும் ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கவில்லை. நம் நாட்டில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் தனியாகப் பத்துப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கக்கூடிய சாலைகள் குறைவு. இது ஒன்று. சுற்றுலாத் துறை கண்டுபிடிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே தனிப்பயணத்துக்கு நாம் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர்தான் கோயில். பக்தி இல்லாதவர்களுக்கும் அந்த ஏற்பாடு உதவுகிறது. எனக்குப் பக்தி பாதிதான்.

ஊருக்குள் வந்ததும் பெரிய கோயில். இருபத்தைந்து ஏக்கர், கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி ராஜகோபுரம், ஆயிரங்கால் மண்டபத்துக்குள் பையன் வேங்கடராமன் பூச்சி கடிப்பது தெரியாமல் உட்கார்ந்திருந்த பாதாள லிங்கம். இவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் அதிக நேரம் நின்றது வடக்குக் கோபுரத்தின் முன்னால். போசள மன்னன் வல்லாளன் பெயரில் ஒரு கோபுரம் இருக்கிற கோயிலில், வடக்கே நிற்கும் பெருங்கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். அம்மணி அம்மாள் அரசி இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிச்சையெடுத்த காசில், பாதியில் நின்றிருந்த கோபுரத்தைக் கட்டி முடித்த துறவி. கூட யார் போனார்கள், எந்தெந்த ஊரில் தங்கினார், கதவைச் சாத்தியவர்கள் யார் என்பதெல்லாம் நமக்கு எழுதிவைக்கப்படவில்லை. கோபுரம் நிற்கிறது. 171 அடி.

கோபுரத்துக்கு மேலே மலைச் சரிவில் வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தது அந்தப் பக்கம்தான். பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை விடவில்லை.

மதியச் சாப்பாடு ஒரு தமாஷ். ஓட்டல் வாசலிலேயே, "எத்தினி பேரும்மா?" ஒரு விரலைக் காட்டினேன். "ஃபேமிலி ரூமுக்குப் போங்க." குடும்பம் இல்லாமல் ஃபேமிலி ரூமில் போய் உட்கார்ந்தேன். நான்கு பேர் மேஜையில் ஒருத்தி என்பதால் தாராபுரத்திலிருந்து வந்த ஒரு தம்பதியையும் அவர்கள் பேத்தியையும் எதிரே உட்காரவைத்தார்கள். அந்தப் பேத்தி என் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேன். முன்பெல்லாம் ஓட்டலில் எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்த ஞாபகமே இல்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்ததுதான் என் சாப்பாடு. இந்த முறை வத்தக்குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். சாயங்காலம் பாதையோரத்தில் ஒரு படி வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மொட்டை மாடியில் உட்கார்ந்து முழுவதையும் நானே தின்றேன்.

பயத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். 2025 மார்ச்சில் மலைமேல் தியானம் செய்யப் போன பிரெஞ்சுப் பெண்ணிடம், வழிகாட்டியாக உடன் போனவரே தவறாக நடந்ததாகப் புகார். அந்த ஆள் கைதானார். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில், ஆந்திராவிலிருந்து வந்த இளம்பெண்ணை ஊருக்கு வெளியே புறவழிச் சாலையோரம் பாலியல் வன்கொடுமை செய்ததாக இரண்டு போலீஸ்காரர்கள் கைதாகி, வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். "பாத்தியா, இதுக்குத்தான் தனியா போகாதேங்கறது" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்திகள் சுற்றின. செய்தியை முழுக்கப் படித்தால் வேறு ஒன்று தெரியும். முதல் பெண்ணோடு ஒரு வழிகாட்டி இருந்தார். இரண்டாவது பெண்ணோடு குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெண் இருந்தார். வந்து நிறுத்தியவர்கள் காவலர்கள். இரண்டு பேருமே தனியாக இல்லை. துணை இருந்தால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையை இந்த இரண்டு வழக்குகளும் உடைத்துப் போட்டிருக்கின்றன. குற்றம் செய்தவர்களை விட்டுவிட்டு, போகிறவளின் தலையை எண்ணுகிறோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. நான் நடந்தது வெளிச்சம் வரும் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள பாதையில். மலைமேல் கூட்டிப்போகிறேன் என்று வந்த இருவருக்கும் வேண்டாம் என்றேன். இருட்டிய பிறகு அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு குரல் கொடுத்தேன். ஆண்களும் அந்நிய ஊரில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஞாயிறு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். "எனக்கும் சேத்து சுத்துனியா?" என்றார் மாமியார். விபூதியைக் கொடுத்தேன். ராத்திரி சமையலறையில் தாழ்ந்த குரலில், "அந்த ரூமு எவ்ளோ கேட்டாங்க?" என்றார். அவருக்கு எழுபத்தாறு. வீட்டுக்கார அம்மாவின் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் ஒட்டிப் போகாதீர்கள்; அப்போது அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை மூன்று மடங்கு, பாதையில் லட்சக்கணக்கில் கூட்டம். சாதாரண வார நாளில், பகலில் போய் இறங்குங்கள். அறையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்; தனியாக வருவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், முகம் சுளித்தால் அடுத்த நம்பருக்குப் போங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். 2021 மே முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. வீட்டில் காரணம் கேட்டால் முதல் தடவை கிரிவலம் என்று சொல்லுங்கள். அடுத்த தடவை சும்மா போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.